தட்டைப் புகழ்ந்தோம், தண்ணீரை மறந்தோம்

மின்கலத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஆறாம் வகுப்புச் சிறுமியும் "வோல்டா" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அது எதனால் ஆனது என்று கேட்டால் "செம்பும் துத்தநாகமும்" என்பாள். அவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். சற்று விழித்துவிட்டு, "ஏதோ அமிலம்" என்பாள். அந்த "ஏதோ"வைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன். மின்கலத்தின் ஆரம்ப காலச் சரித்திரம் உலோகத் தட்டுகளின் சரித்திரம் அல்ல. தட்டுகளுக்கு நடுவே திரவத்தை எப்படி நிறுத்துவது, எப்படி வற்றாமல் காப்பது, எப்படிப் புதுப்பிப்பது என்று மனிதர்கள் பட்ட பாட்டின் சரித்திரமே என்பது என் தாழ்மையான கருத்து.

இக்கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. விஞ்ஞானக் கண்காட்சியில் பட்ட அவமானத்திலிருந்து வந்தது.

நாங்கள் மூவர் சேர்ந்து வோல்டாவின் மின் அடுக்கைச் செய்து வைத்தோம். பழைய டார்ச் கலங்களைப் பிரித்து அவற்றின் துத்தநாகக் கூட்டை வட்டமாக வெட்டினோம். பாத்திரக் கடையில் செப்புத் தகடு வாங்கினோம். தடித்த அட்டையை உப்புக் கரைசலில் ஊறவைத்து இடையிடையே வைத்தோம். பத்து ஜோடி அடுக்கியதும் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு அழகாக எரிந்தது. காலை பத்து மணிக்கு மதர் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பதினொன்றரைக்குப் பெற்றோர் கூட்டம் வந்தபோது விளக்கு மினுக்கவும் இல்லை. நான் மட்டும் மனப்பாடம் செய்த விளக்கத்தை நிறுத்தாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எரியாத விளக்கைக் காட்டி "இதோ மின்சாரம்" என்று சொல்வதைவிடத் தர்மசங்கடம் வேறு உண்டா?

எங்களுக்கு உதவிக்கு வந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பேனாவுக்கு மை ஊற்றும் ரப்பர் குழாயை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தாள். அதில் உப்புத் தண்ணீரை உறிஞ்சி, அடுக்கின் பக்கவாட்டில் அட்டை அட்டையாகச் சொட்டு விட்டாள். விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் மீண்டும் மங்கியது. இந்தத் தடவை காரணம் வேறு. அதிகமாக விட்ட தண்ணீர் வெளியே வழிந்து, மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் ஒரே ஈரத்தால் இணைத்துவிட்டது. அவள் துணியால் பக்கங்களைத் துடைத்தாள், எரிந்தது. பிறகு மாலை நான்கு மணிவரை சொட்டு விடுவதும் துடைப்பதுமாகவே நின்றாள். காய்ந்தாலும் கெடும், வழிந்தாலும் கெடும்!

பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. எங்களுக்கு நேர்ந்த இரண்டு சங்கடங்களும் வோல்டாவுக்கே நேர்ந்திருக்கின்றன. இத்தாலியின் கோமோ நகரிலிருந்து 1800-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் மின் அடுக்கு உலகுக்கு அறிமுகமாயிற்று. வெள்ளி, துத்தநாகம், நனைத்த அட்டை அல்லது தோல் என்று மாற்றி மாற்றி அடுக்கிய தூண் அது. உயரம் கூடக் கூடச் சக்தியும் கூடும். ஆனால் உயரம் கூடினால் பாரமும் கூடுகிறதே! மேலிருக்கும் உலோகத்தின் பாரம் கீழிருக்கும் அட்டைகளைப் பிழிந்துவிடும். பிழிந்த நீர் பக்கவாட்டில் வழியும். பிழியப்படாத ஈரமோ காற்றில் உலரும். ஆகவே தூணைச் சுற்றி மெழுகோ கீலோ பூசி மூடி ஈரத்தைக் காக்கலாம் என்று அக்கடிதத்திலேயே அவர் ஒரு வழி சொல்கிறார்.

இன்னொரு வழியும் சொல்கிறார். தூணே வேண்டாம், வட்டமாகக் கிண்ணங்களை வைத்து, அவற்றில் உப்பு நீரை ஊற்றி, ஒரு முனையில் ஒரு உலோகமும் மறுமுனையில் இன்னொரு உலோகமும் உள்ள வளைந்த பட்டைகளால் கிண்ணத்துக்குக் கிண்ணம் பாலம் போடலாம். இதற்குக் "கிண்ணக் கிரீடம்" என்று பெயர். இதில் பிழிவதற்கும் ஒன்றுமில்லை, சீக்கிரம் உலர்வதற்கும் ஒன்றுமில்லை. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். பள்ளிப் படங்களில் எல்லாம் தூணைத்தான் வரைகிறோம். பார்க்க அழகாக இருப்பதால் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் கிண்ணங்களே புத்திசாலித்தனமான யோசனை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இவ்வளவு பாடுபட்டுத் திரவத்தைக் காத்த வோல்டாவே திரவத்துக்கு உரிய பெருமையைத் தரவில்லை! இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதால்தான் மின்சாரம் பிறக்கிறது, ஈர அட்டை அதைக் கடத்திச் செல்லும் பாதை மட்டுமே என்று அவர் எண்ணினார். அதே 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்ற 21 வயது இளைஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். காற்றுக் கலவாத சுத்தமான நீரில் அடுக்கு ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. துத்தநாகத்தை அரிக்கக்கூடிய திரவத்தில் அது துடிப்புடன் வேலை செய்தது. திரவத்துக்கும் உலோகத்துக்கும் நடக்கும் இரசாயன மாற்றமே சக்தியின் ஊற்று என்று அவர் வாதாடினார். 1801-இல் ஒரு படி மேலே போய், ஒரே ஓர் உலோகத்தையும் இரண்டு வெவ்வேறு திரவங்களையும் வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். உலோகம் இரண்டு வேண்டும் என்பதைவிட, இருபுறமும் நடக்கும் இரசாயன வேலை வேறுபட வேண்டும் என்பதே உண்மையென்று இதனால் தெரிந்தது. இந்தச் சோதனையை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

டேவிக்கு இந்த விவாதத்தில் வெற்றி தேடித் தந்த ஆயுதம் மரத்தொட்டி. வூல்விச்சில் இருந்த வில்லியம் குரூக்ஷாங்க் என்ற இரசாயனி, வோல்டாவின் கடிதம் வந்த சிறிது காலத்திலேயே, செங்குத்தான தூணைப் படுக்கையாகச் சாய்த்துவிட்டார். நீண்ட மரத்தொட்டியின் உட்புறத்தில் காடிகள் வெட்டி, ஒட்டிய உலோக ஜோடிகளை அவற்றில் செருகி, குங்கிலியமும் தேன்மெழுகும் கலந்த பசையால் நீர் கசியாமல் அடைத்தார். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே சிறு சிறு அறைகள் உண்டாயின. அவற்றில் திரவத்தை ஊற்றினால் போதும். நவச்சாரக் கரைசலை அவர் ஊற்றினார். அட்டையும் இல்லை, துணியும் இல்லை, பாரமும் இல்லை. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் "அடுக்கு" என்ற விளையாட்டுப் பொருள் "கருவி" ஆனது இந்தச் சாய்ப்பினால்தான்.

1807-இல் டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது அவருடைய தொட்டிகளில் இருந்தது படிகாரமும் அமிலமும் கலந்த கரைசல். பிறகு ராயல் இன்ஸ்டிடியூஷனில் 2,000 ஜோடித் தட்டுகள் கொண்ட மாபெரும் மின்கல அடுக்கு அமைந்தது. தொட்டிக்குப் பத்து ஜோடி வீதம் 200 தொட்டிகள். திரவத்தின் கணக்கை டேவியே எழுதி வைத்திருக்கிறார்: 60 பங்கு நீர், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், ஒரு பங்கு கந்தக அமிலம். இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே நான்கு அங்குலம் வரை ஒளி வில்லாய் வளைந்ததாம். அதைக் கண்டு வியந்த கனவான்களையும் சீமாட்டிகளையும் நாம் கற்பனை செய்துகொள்ளலாம். எனக்கு அவர்களைப் பற்றி அக்கறையில்லை. 200 தொட்டிகளிலும் அமிலத்தை ஊற்றியவர்கள் யார்? காட்சி முடிந்ததும் வடித்துக் கழுவியவர்கள் யார்?

வடித்தே தீரவேண்டும் என்பது இன்னொரு தலைவலி. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் துத்தநாகம் அமிலத்தில் கரைந்துகொண்டே இருக்கும். இதற்காகத் தட்டுகளை எல்லாம் ஒரே கட்டையில் தொங்கவிட்டு, வேலை இருக்கும்போது திரவத்தில் இறக்கி, முடிந்ததும் தூக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். துத்தநாகத்தின் மேல் பாதரசம் பூசினால் வீணாய்க் கரைவது குறையும் என்றும் பிற்பாடு கண்டார்கள். ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. செம்பின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு திரவம் செம்பைத் தொடவிடாமல் தடுத்தன. எரியத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மின்சாரம் சோர்ந்துபோகும்.

இதைத் தீர்த்து வைத்தவரே என் கதாநாயகர். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் ஜான் பிரெடரிக் டேனியல், 1836-இல். அவருடைய கலத்தைப் பாடத்தில் படிக்கிறோம். இரண்டு திரவங்கள், நடுவே ஒரு தடுப்பு, சுமார் 1.1 வோல்ட். அவ்வளவுதான் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் அவர் முதலில் செய்த கலத்தைப் பற்றிப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெளியே ஒரு செப்புக் குவளை. அதில் மயில்துத்தக் கரைசல். நடுவே தடுப்பாக மாட்டின் தொண்டைக்குழாய்ச் சவ்வு. அதற்குள் நீர்த்த கந்தக அமிலமும் துத்தநாகக் கம்பியும். ஹைட்ரஜன் குமிழியாகச் செம்பில் ஒட்டுவதற்குப் பதிலாக, மயில்துத்தத்திலிருந்து செம்பே செம்பின் மேல் படியும். இவ்வளவு பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாதது இதுதான்: வேலை நடக்க நடக்க இரண்டு திரவங்களும் கெட்டுப்போகின்றன அல்லவா? மயில்துத்தம் செலவாகி நீலம் வெளுக்கிறது. அதற்காக டேனியல் குவளையின் மேற்பகுதியில் துளையிட்ட செப்புத் தட்டு ஒன்றை அமைத்து, அதில் மயில்துத்தக் கட்டிகளைப் பரப்பினார். செலவாகும் அளவுக்குக் கட்டி கரைந்து கீழே இறங்கும். உட்புறத்திலோ துத்தநாகம் கரைந்த திரவம் கனத்து அடியில் தங்குகிறது. ஆகவே மேலிருந்து புதிய அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர, அடியில் கனத்துப்போன பழைய திரவம் வளைந்த குழாய் வழியே தானாக வெளியேறும்படி செய்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டு மருந்து ஏற்றுவதுபோல, கலத்துக்கு உணவும் ஊட்டி கழிவையும் அகற்றினார்! "மாறாத மின்கலம்" என்று அதற்குப் பெயர் வந்தது உலோகத்தினால் அல்ல. செம்பும் துத்தநாகமும் வோல்டா காலத்திலேயே தெரிந்தவைதாமே. 1837-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

பிற்காலத்தில் மாட்டுச் சவ்வுக்குப் பதிலாக மெருகிடாத மண்குவளை வந்தது. நம்முடைய மண்பானையில் நீர் கசிந்து குளிர்வதுபோல, சுவரின் நுண்துளைகள் வழியே மின்சாரம் போகும்; திரவங்கள் எளிதில் கலவா. 1860-களில் பிரான்சு நாட்டுக் காலோ அந்தக் குவளையையும் எடுத்துவிட்டார். கனமான நீலக் கரைசல் அடியில், கனம் குறைந்த வெண்மையான கரைசல் மேலே. கனமே தடுப்பு. ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால் போதும். தந்தி நிலையங்களில் இத்தகைய கலங்கள் வரிசை வரிசையாக நின்றன. நீலக் கோடு மேலே ஏறுகிறதா என்று பார்த்து, கட்டி போட்டு, நீர் விட்டு, ஆவியாகாமலிருக்க மேலே எண்ணெய்ப் படலம் விட்டுப் பராமரிக்க ஆட்கள் இருந்தார்கள். தந்தியைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். ஜாடிக்கு நீர் விட்டவர்களின் பெயர் தெரியாது.

நமது பள்ளி மலருக்கு எழுதும்போது இரண்டு குருமார்களைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிராது. ஒருவர் அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் 1826 முதல் 1864-இல் இறக்கும்வரை பௌதிகம் கற்பித்த நிக்கோலஸ் காலன் அடிகளார். மின்தூண்டல் சுருளை 1836-இல் அமைத்தவர். புனித அல்போன்ஸ் லிகோரியின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் வார்ப்பிரும்பைப் பயன்படுத்தி 1850-களில் மலிவான மின்கலத்தை உருவாக்கினார். 577 கலங்களை அவர் ஒன்றாக இணைத்தபோது 30 காலனுக்கும் அதிகமான அமிலம் தேவைப்பட்டதாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீசா அமிலத்தைத் தொடுவதற்கே சிஸ்டரிடம் மூன்று முறை அனுமதி கேட்க வேண்டும்!

மற்றவர் வெரோனாவின் ஜுஸெப்பே ஸாம்போனி அடிகளார். 1812-இல், திரவமே வேண்டாம் என்று துணிந்து, உலோகத் தாள் ஒட்டிய காகித வட்டங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி "உலர் அடுக்கு" செய்தார். ஆக்ஸ்போர்டில் இத்தகைய அடுக்குகளால் இயங்கும் ஒரு மணி 1840 முதல் அடித்துக்கொண்டிருக்கிறது. இரட்டைக் கண்ணாடிக்குள் இருப்பதால் ஓசை கேட்பதில்லை. என் தோழி இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, தண்ணீரில்லாமலே 180 ஆண்டுக்கு மேல் ஓடுகிறது. உன் கட்சி தோற்றது" என்றாள். தோற்கவில்லை. காகிதம் காற்றிலிருந்து இழுத்து வைத்திருக்கும் இம்மி ஈரமே அங்கும் வேலை செய்கிறது. அந்த ஈரம் மாறாமலிருக்கத்தான் அடுக்கின் வெளிப்புறம் கந்தகத்தால் பூசி மூடப்பட்டிருக்கிறது. டார்ச்சில் போடும் கலத்தையும் "உலர்ந்த கலம்" என்கிறோம். உடைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உள்ளே இருப்பது ஈரப் பசை.

எங்கள் விஞ்ஞான சிஸ்டரிடம் இந்தக் கட்டுரையை முதலில் காட்டினேன். "எல்லாம் சரி, தட்டே இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்து விளக்கேற்று பார்க்கலாம்" என்றார்கள். நியாயமான கேள்வி. டேவிகூட ஓர் உலோகமாவது வைத்துக்கொண்டார். எந்த இரண்டு பொருள்கள் என்பதுதான் கலத்தின் வோல்ட் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டுகளைத் தாழ்த்த வேண்டும் என்பதல்ல என் கட்சி. தட்டை ஒருமுறை வெட்டினால் முடிந்தது. திரவத்தையோ நாள்தோறும் கவனிக்க வேண்டும். ஒருமுறை செய்யும் வேலைக்குப் பெயரும், தினம் செய்யும் வேலைக்கு மறதியும் கிடைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை வாங்கி வந்தவர் அப்பா. அதை உறவினர் எல்லோருக்கும் காட்டியவரும் அப்பா. மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கியதும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறவர் அம்மா. அம்மா ஊருக்குப் போயிருந்த கோடையில் அதை யாரும் பார்க்கவில்லை. அம்மா திரும்பி வரும்போது வீடு இருட்டாக இருந்தது.

இனி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழுக்குப் பெயர்கள் எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் மூன்று பெயர்கள் எழுதிக் கொடுத்தேன். தட்டு வெட்டிய மூவரின் பெயர்கள். மாலை நான்கு மணிவரை சொட்டு விட்டுக்கொண்டிருந்தவளின் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சொல்லித் தடுக்கவில்லை. எழுதியது என் கை. அவளும் கேட்கவில்லை. மேடைக்குக் கீழே நின்று கைதட்டினாள். குரூக்ஷாங்கையும், தொட்டி கழுவியவர்களையும் உலகம் மறந்ததே என்று மேலே நான் அங்கலாய்த்ததெல்லாம் இதற்குப் பிறகு படித்ததுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. அவள் விளக்கை எரியவைத்ததை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வரும் ஆண்டுக் கண்காட்சிக்குக் கிண்ணக் கிரீடம் வைப்பது என்று சிஸ்டரிடம் அனுமதி வாங்கியாயிற்று. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருப்பேன். அவள் பத்தாம் வகுப்பில். பத்துக் கண்ணாடி டம்ளர்களை ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். உப்பு எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு ஒருமுறை திரவம் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் சோதித்து எழுதி வருகிறாள். தட்டு வெட்டுவது மட்டும் என் வேலை. பெயர்ப் பட்டியலை அவளே எழுதுவாள்.